வேனுக்குப் படியளப்பது யார்?



இந்தக் கருத்தரங்கைத் தொடங்கிவைக்கத் தகுதியுள்ளவர்கள் முன்வரிசையிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களில் இருவர் என் கட்டுரைகளுக்கு மறுப்பு எழுதியவர்கள். அந்த நினைப்போடுதான் மைக் முன்னால் நிற்கிறேன். நேரத்தைப் பற்றிச் செயலாளர் காலையிலேயே எச்சரித்துவிட்டார். மணி அடித்தால் நிறுத்திவிடுவேன். துண்டுச் சீட்டு அனுப்ப வேண்டாம்.

மனநல நெருக்கடி அழைப்புகளில் காவலருடனோ காவலருக்குப் பதிலாகவோ செல்லும் குழுக்களை உள்ளாட்சி அமைப்புகள் ஒப்பந்தத்தில் அமர்த்துவது பற்றித்தான் நாம் இரண்டு நாள் பேசப்போகிறோம். வரலாறு உங்களுக்குத் தெரிந்ததே. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1987இல் மனநலம் பாதிக்கப்பட்ட இளைஞர் ஒருவர் போலீஸ் குண்டுக்குப் பலியானார். மறு ஆண்டே அங்கே காவலர்களுக்கான சிறப்புப் பயிற்சி முறை பிறந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் 1993 முதல் காவலரும் மனநலப் பணியாளரும் ஒரே காரில் போகிறார்கள். 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு ஊர் ஊராகப் புதுக் குழுக்கள் முளைத்தன. 2022 ஜூலையில் மனநல நெருக்கடிக்கு அழைக்கும் 988 என்ற எண் அமெரிக்கா முழுவதற்கும் வந்தது. இவற்றை அமர்வுகளில் விரிவாகக் கேட்பீர்கள். எனக்கு ஒரே ஊர் போதும்: ஒரிகான் மாநிலத்தின் யூஜீன். "மறுபடியுமா?" என்று இரண்டாவது வரிசையில் ஒருவர் புன்னகைப்பது தெரிகிறது. ஆமாம் ஐயா, மறுபடியும்தான்.

ஒயிட் பேர்ட் என்ற இலவச மருத்துவமனை 1989இல் யூஜீன் நகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு 'கஹூட்ஸ்' சேவையைத் தொடங்கியது. ஒரு வேன், இரண்டு பேர். ஒருவர் செவிலியர் அல்லது ஆம்புலன்ஸ் முதலுதவியாளர். மற்றவர் நெருக்கடிப் பணியாளர். கையில் ஆயுதம் கிடையாது, கைது செய்யும் அதிகாரமும் கிடையாது. பேருந்து நிறுத்தத்தில் ஓர் ஆள் அசையாமல் கிடக்கிறார் என்று யாரோ போன் செய்கிறார். போலீஸ் கட்டுப்பாட்டு அறை வயர்லெஸ்ஸில் வேனைக் கூப்பிடுகிறது. போய்ப் பார்த்தால் குடித்திருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம், வீட்டுக்குப் போகப் பிடிக்காமலும் படுத்திருக்கலாம். காலில் புண் இருந்தால் கழுவிக் கட்டுப் போடுவார்கள். ஈரமான காலுறைக்குப் பதில் உலர்ந்தது கொடுப்பார்கள். வர விரும்பினால் தங்குமிடத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். அவ்வளவுதான் வேலை.

சண்டை இந்த வேலையைப் பற்றியல்ல, ஓர் எண்ணைப் பற்றி. காவல்துறைக்கு வரும் அழைப்புகளில் 17 சதவீதத்தைத் தாங்களே பார்த்ததாக ஒயிட் பேர்ட் சொன்னது. 2020இல் உலகப் பத்திரிகைகள் எல்லாம் அந்த எண்ணை எடுத்து எழுதின. நம் துறையிலும் அது வேதவாக்கானது. யூஜீன் காவல்துறையின் குற்றப் பகுப்பாய்வுப் பிரிவு 2019ஆம் ஆண்டின் அழைப்புப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, உண்மையில் காவலர் போகவேண்டியிருந்து கஹூட்ஸ் போனவை 5 முதல் 8 சதவீதம்தான் என்றது. அந்த ஆண்டு கஹூட்ஸ் போலீஸ் துணை கேட்டது 150 முறை என்று ஒயிட் பேர்ட் சொல்லியிருந்தது. காவல்துறையின் கணக்கில் அது 311.

உடனே நம்மவர்கள் இரண்டு கட்சியானார்கள். ஒரு மூத்த அறிஞர், நான் மிகவும் மதிக்கிறவர், '17 பொய், ஆகவே எல்லாமே விளம்பரம்' என்ற தொனியில் எழுதினார். இன்னொரு நண்பர், காவல்துறை அடுத்தவர் வாலை அளந்தால் குட்டையாகத்தானே காட்டும் என்று அந்த அறிக்கையைத் தொடவே மறுத்தார். இருவரும் பொறுத்தருள வேண்டும். அந்த அறிக்கையை இருவருமே கடைசிப் பக்கம் வரை படித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

படித்தால் என்ன தெரியும்? கஹூட்ஸ் போன அழைப்புகளில் பெரும்பகுதி மூன்றே வகை: ஓர் ஆள் நலமாக இருக்கிறாரா என்று பார்ப்பது, பொதுமக்களுக்கு உதவி, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அழைத்துப் போவது. கடைசி இரண்டுக்கும் காவலர் வழக்கமாகப் போகவே மாட்டார். ஆகவே அவை 'திருப்பிவிடப்பட்ட' அழைப்புகள் ஆகா என்று பகுப்பாய்வாளர்கள் கழித்தார்கள். கழித்தது சரி. காவலரின் நேரம் எவ்வளவு மிச்சம் என்ற கேள்விக்கு அதுதான் நேர்மையான விடை. ஆனால் கழிக்கப்பட்டவர்கள் எங்கே போனார்கள்? வேன் இல்லாதிருந்தால் அவர்களைத் தேடி ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள் என்பதைக் காவல்துறையே தன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறது. கஹூட்ஸுக்கு ஆதரவாக எழுதப்பட்ட ஆவணங்களில் அதைவிட வலுவான ஒன்றை நான் பார்த்ததில்லை. அதை எதிர்ப்பு ஆவணம் என்றே இரு தரப்பும் வைத்துக்கொண்டிருப்பது வேடிக்கை.

டென்வர் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே 2020 ஜூனில் தொடங்கிய 'ஸ்டார்' குழு முதல் ஆறு மாதத்தில் 748 அழைப்புகளுக்குப் போனது. ஒன்றுகூடக் கைதில் முடியவில்லை. ஆய்வாளர்கள் டீ, பைன் இருவரின் 2022ஆம் ஆண்டு ஆய்வு, ஸ்டார் இயங்கிய பகுதிகளில் சிறு குற்றப் புகார்கள் 34 சதவீதம் குறைந்ததாகக் கண்டது. நல்ல ஆய்வு. ஆனால் ஆறு மாதப் பரிசோதனையை வைத்துக்கொண்டு முப்பது ஆண்டுக்குத் திட்டம் போடச் சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. முப்பத்தைந்து ஆண்டு ஓடிய வேன் ஏன் நின்றது என்பதல்லவா முதலில் கேட்கவேண்டியது?

ஆம், நின்றுவிட்டது. 2025 ஏப்ரல் 7ஆம் தேதியோடு யூஜீன் தெருக்களில் கஹூட்ஸ் இல்லை. ஒயிட் பேர்ட் மருத்துவமனையின் பண நெருக்கடி, ஆள் பற்றாக்குறை என்று அன்றைய செய்திகள் சொல்லின. இரண்டும் மெய். ஆனால் ஆளும் பணமும் ஏன் பற்றவில்லை என்பதற்கு விடை மதிப்பீட்டு ஆய்வுகளில் கிடையாது, ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. நம் துறையில் அதைப் படிக்கிறவர்தான் குறைவு. மதிப்பீட்டு அறிக்கைக்கு வரைபடம் உண்டு, வண்ணம் உண்டு. ஒப்பந்தத்தில் ஷரத்து எண்கள்தானே!

கஹூட்ஸின் பணம் பல ஆண்டுகள் காவல்துறை பட்ஜெட் வழியாகவே வந்தது. யூஜீன், பக்கத்து ஊர் ஸ்பிரிங்ஃபீல்டு இரண்டின் காவல்துறைகளுக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 9 கோடி டாலர். கஹூட்ஸுக்குச் சுமார் 20 லட்சம். 2020இல் அதன் பணியாளருக்கு மணிக்குச் சுமார் 18 டாலர். ஆனாலும் அந்த ஏற்பாட்டில் ஒரு நன்மை இருந்தது. வேன் தெருவில் தயாராக நிற்கும் நேரத்துக்குப் பணம். உள்ளே ஏறுகிறவருக்குக் காப்பீடு உண்டா, நோய்க்குப் பெயர் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

2021இல் வாஷிங்டன் கைகொடுத்தது. ஒரிகான் செனட்டர் ரான் வைடன் கஹூட்ஸின் பெயரிலேயே கொண்டுவந்த மசோதாவின் சாரம் அந்த ஆண்டின் கொரோனா நிவாரணச் சட்டத்தில் சேர்ந்தது: நடமாடும் நெருக்கடிக் குழுக்களுக்கு மாநிலங்கள் மெடிகெய்ட் என்ற, ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டின் வழியே செய்யும் செலவில் 85 சதவீதத்தை மூன்று ஆண்டுகளுக்கு மத்திய அரசு தரும். 2022 செப்டம்பரில் முதல் அனுமதியும் ஒரிகானுக்கே கிடைத்தது. நாம் எல்லோரும் கைதட்டினோம்.

ஆனால் மெடிகெய்ட் காத்திருக்கும் நேரத்துக்குப் படியளப்பதில்லை. அதில் பதிவுபெற்ற ஒருவருக்கு, மனநல அல்லது போதை நெருக்கடி என்று எழுதக்கூடிய ஒரு நிகழ்வில், தகுதி பெற்ற மனநல வல்லுநர் இடம்பெற்ற குழு செய்த சேவைக்குத்தான் பணம். புண்ணைக் கழுவியதை எந்த வகையில் எழுதுவது? கஹூட்ஸ் பணியாளர்கள் பலர் உரிமம் பெற்றவர்கள் அல்லர். நூற்றுக்கணக்கான மணி நேரம் வேனிலேயே பழகித் தேர்ந்தவர்கள். மெடிகெய்ட் விதிக்கு ஏற்ற நடமாடும் குழுவை, யூஜீன் அடங்கிய லேன் கவுண்டி தனியே அமைத்துக்கொண்டது. கஹூட்ஸைப் பார்த்து எழுதிய சட்டத்தில் கஹூட்ஸ் செய்த வேலையில் பாதிக்கு இடமில்லாமல் போயிற்று. பகுப்பாய்வாளர்கள் கழித்தார்களே, அதே பாதிதான்.

சேவை நல்லதா கெட்டதா என்று நாம் வாதாடிய நேரத்தில், எதற்குப் பணம் என்ற ஒரு வரி எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டது என்பதே என் வழக்கு. நம் ஊர் 108 ஆம்புலன்ஸ் ஒப்பந்தத்தில் முழுகி எழுந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு இது புதிதல்ல. அமெரிக்காவின் அல்புகர்க்கி நகரம் போல ஒப்பந்தமே வேண்டாம், நகராட்சியே தனித் துறை வைத்து நடத்தட்டும் என்பவர்களும் உண்டு. சம்பளமும் ஓய்வூதியமும் நிலைக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நகராட்சி ஊழியராகிவிட்ட ஒருவரை, போலீஸைக் கண்டாலே ஓடுகிற ஆள் எத்தனை தூரம் நம்புவார்? இதற்கு நாளைக் காலை அமர்வில் விடை எதிர்பார்க்கிறேன்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வந்திருக்கும் கட்டுரைச் சுருக்கங்களில் இரண்டில் 17 சதவீதம் இருக்கிறது, ஒன்றில் 5. மூவரும் முதல் அமர்விலேயே அடுத்தடுத்துப் பேசுகிறார்கள். இந்த வரிசையை நான் போடவில்லை. மூவரிடமும் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் சதவீதத்தைச் சொல்லும் முன், அந்த வேனுக்கு அன்றைக்குப் பணம் மணிக்கணக்கிலா தலைக்கணக்கிலா வந்தது என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.