தலைவனே இல்லாமல் போகும் கூட்டம்

என் முனைவர் பட்ட ஆய்வு ‘ஆக்டிவ் மேட்டர்’ இயற்பியல்: பறவைக் கூட்டம், பாக்டீரியா போல ஒவ்வொன்றும் தானே ஆற்றலைச் செலவழித்து நகர்பவை. 1995இல் விச்செக்கும் சகாக்களும் ஓர் எளிய விதி சொன்னார்கள்: ஒவ்வொரு துகளும் பக்கத்துத் துகள்களின் சராசரித் திசைக்குத் திரும்பும், சற்றே தடுமாறும். நெருக்கம் கூடி, தடுமாற்றம் குறைந்தால், தலைவனே இல்லாமல் மொத்தக் கூட்டமும் ஒரே பக்கம் போகும்.

போஸ்ட்டாக்குக்கு விண்ணப்பித்தபோது இது எனக்கு உறைத்தது. யாரும் சாதி கேட்கவில்லை. பரிந்துரைக் கடிதம்தான் கேட்டார்கள். பழகியவர்களுக்குத்தான் மனம்விட்டு எழுதுகிறார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரியான எனக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்? உத்தரவு போட ஆளில்லாமலே கதவு மூடுகிறது.

ஆனால் பக்கத்தில் இருப்பவர் மாறினால் திசையும் மாறும். அடுத்து விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் ஆய்வுத் திட்டத்தை என்னிடம் கொடுங்கள். சேர்ந்து உட்கார்ந்து திருத்துவோம்.