இடித்தவர் வீட்டுக்காரர், பொறுப்பும் அவருக்கே!

நடுவர் அவர்களே! "இடிச்சது மேஸ்திரி, அள்ள வேண்டியது மாநகராட்சி, நமக்கென்ன?" என்று எதிரணி நண்பர் கேட்டார். பழைய வீட்டை இடிக்கும்போது தேக்கு நிலையைப் பத்திரமா எடுத்து வைக்கிறோம். கம்பியைக் காயலான் கடையில் எடைபோட்டு விற்கிறோம். காசு வர்ற வரைக்கும் அது நம்ம வீடு! காசு வராத ரப்பீஸ் மட்டும் ராத்திரியோட ராத்திரியா ஏரிக்கரைக்குப் போகுது. மழை பெய்தால் அந்த ஏரித் தண்ணி எங்கே போகும்? நம்ம புதுவீட்டு வாசலுக்குத்தான் வரும்! (கைதட்டல்)

முழுச் செங்கல்லைச் சாந்து தட்டி அடுக்கினால் சுற்றுச்சுவருக்கு ஆகும். கான்கிரீட்டை உடைத்து அரைத்தால் ஜல்லி. சோற்றுக் குப்பையோடு கலந்தால் எதுக்கும் ஆகாது! பிரித்து வை, தெருவில் கொட்டாதே என்று மத்திய அரசு 2016-லேயே விதி போட்டது. கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்க்கிறவர்கள், ரப்பீஸ் போகிற இடத்தையும் பார்க்கட்டும்! பொறுப்பு வீட்டுக்காரருக்கே என்று தீர்ப்பு வழங்கக் கேட்டு அமர்கிறேன்.