குளிர்காற்றும் கடுங்கதிரும்

தமிழகத்திலிருந்து மல்லேஸ்வரம் வந்து குடியேறும் நம்மவர் விரைவில் அறிவது, இட்லி மாவு புளிக்க இங்கு நேரம் கூடுதலாகிறது என்பதாம். அக்குளிரை நம்பிக் குடையையும் மறந்துவிடுகிறோம். வெப்பம் வேறு, புறஊதாக் கதிர் வேறு. பெங்களூர் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1,000 மீட்டர் ஏறினால் அக்கதிரின் வலிமை ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பங்கு மிகும்.

அது சருமத்தின் உள்ளடுக்கை எட்டி, சருமத்தைத் தாங்கும் கொலாஜன் என்னும் புரதத்தைச் சிதைக்கும் நொதிகளைத் தூண்டுகிறது. சருமம் தளர்ந்து, காலத்துக்கு முன்பே சுருக்கம் விழுகிறது.

இதனைத் தடுக்கப் புளிக்கவைத்த தாவரச் சாறுகள் உதவுமா என அறிஞர் ஆராய்கின்றனர். மாவைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்களின் இனத்தவை, இலையிலும் கனியிலும் சர்க்கரையோடு பிணைந்துள்ள பாலிபீனால் பொருள்களைப் பிரித்துச் சிறு கூறுகளாக்குகின்றன. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த தோல் உயிரணுக்களில் இத்தகைய சாறுகள் சில அந்நொதிகளைக் குறைத்துள்ளன. மனிதரிடம் நடந்த சோதனைகளோ சிலவே, அவையும் சிறியவை.

ஆதலின் இச்சாறு கலந்த பூச்சுகளைத் துணையாகக் கொள்ளலாம், காவலாகக் கொள்ளலாகாது. வீட்டில் புளித்த சாற்றை முகத்தில் பூசுவதும் தகாது. அதன் அமிலம் எரிச்சல் தரும். வேண்டாத கிருமிகளும் அதில் வளர்ந்திருக்கக்கூடும்.

சாங்கி ஏரிக்கரையில் உலாவுவதைக் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்வோம். நண்பகலில் சம்பிகே சாலைக்குச் செல்ல நேர்ந்தால் குடை, முழுக்கை ஆடை, சன்ஸ்கிரீன் மூன்றையும் மறவாதிருப்போம். குளிர்காற்று மாவைத் தாமதப்படுத்தும், கதிரைத் தடுக்காது.