சிறைக்கும் கடைக்கும் நடுவே



கஞ்சாவைச் சொந்தப் பயன்பாட்டுக்குச் சட்டம் அனுமதிக்கலாமா என்று ஆராயும் கருத்தரங்கைக் கோலாலம்பூரில் நடத்தியிருக்கலாம். அதைக் கேமரன் மலைக்குக் கொண்டுவந்த ஏற்பாட்டுக் குழுவினருக்கு முதல் நன்றி. இந்த விவாதம் நகரத்து அரங்குகளிலேயே சுற்றிவருகிறது. அதன் விளைவைச் சுமக்கும் குடும்பங்கள் பல, தோட்டத்து லயங்களிலும் தோட்டத்தைவிட்டு இறங்கியவர்களின் அடுக்குமாடி வீடுகளிலும் இருக்கின்றன. 1929இல் போ தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து இந்தச் சரிவுகளில் தேயிலை வளர்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த அவையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னிலையில் பேச வேண்டிய பொருள் இது.

என் நிலையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். கஞ்சா புகைத்த ஒருவரை அதற்காகவே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது தவறு. அதைக் கடை வைத்து விற்க விடுவதும் தவறு. இரண்டையும் சேர்த்துச் சொல்வது மழுப்பல் என்று சில நண்பர்கள் நினைக்கிறார்கள். மலாயாத் தமிழரின் சொந்த வரலாறுதான் என்னை இந்த இடத்தில் நிறுத்துகிறது.

முதலில் சட்டம். 1952ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டம் மனிதரைக் கிராம் கணக்கில் பிரிக்கிறது. சிறிதளவு கஞ்சா வைத்திருந்தால் 6ஆவது பிரிவு: 20,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 20 கிராமைத் தொட்டால் குறைந்தது இரண்டாண்டுச் சிறை, மூன்று பிரம்படி. 50 கிராமைத் தொட்டால் ஐந்தாண்டுக்குக் குறையாத சிறை, பத்துக்குக் குறையாத பிரம்படி. 200 கிராம் என்பது ஒரு சிறு தேயிலைப் பொட்டலத்தின் எடை. அவ்வளவு இருந்தால், விற்கத்தான் வைத்திருக்கிறார் என்று சட்டமே ஊகித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. 1983 முதல் அந்தக் குற்றத்துக்குத் தூக்கு ஒன்றுதான் தண்டனை என்றிருந்தது. 2018இல் சிறு விலக்கு வந்தது. 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை நீங்கி, ஆயுள் சிறையும் 12க்குக் குறையாத பிரம்படியும் விதிக்க நீதிபதிக்கு இடம் கிடைத்தது. ஆனாலும் தூக்கு ஏட்டைவிட்டுப் போகவில்லை.

சாதாரண இளைஞனைத் தேடி வருவது 15ஆவது பிரிவு. அவன் கையில் எதுவும் இருக்க வேண்டாம், உடம்பில் இருந்தால் போதும். போலீஸ் நிலையத்தில் சிறுநீருக்குப் புட்டி கொடுப்பார்கள். அதிகாரியின் கண்ணெதிரே நிரப்ப வேண்டும். அங்கேயே முதல் சோதனை. அதில் தேறாவிட்டால் மாதிரியை முத்திரையிட்டு மருத்துவமனை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அறிக்கை வரும்வரை தகப்பன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஜாமீனுக்கு ஆள் தேடி அலைகிறார். குற்றம் உறுதியானால் 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டாண்டு வரை சிறை. அதோடும் முடிவதில்லை, அதன்பின் இரண்டிலிருந்து மூன்றாண்டு வரை அதிகாரியின் கண்காணிப்பு. இருபது வயதில் இந்தப் பதிவு ஏறிய பையனுக்கு எந்தத் தொழிற்சாலை கதவைத் திறக்கும்?

இந்தச் சோதனையின் இயல்பையும் இங்கே பேச வேண்டும். கஞ்சாவின் தடயம் உடலின் கொழுப்பில் தங்கிவிடும். அடிக்கடி புகைத்தவரிடம் அது வாரக்கணக்கில் இருக்கும். சியாபு எனப்படும் மெத்தம்பெட்டமின் சில நாள்களில் வெளியேறிவிடும். ஆகவே இன்னும் கொடிய பொருளைத் தொட்டவன் தப்பிவிடுகிறான். கஞ்சாவை விட்டுவிடலாம் என்று போன வாரம் நிறுத்தியவன் மாட்டிக்கொள்கிறான். இன்று நம் நாட்டில் போதைக்கு அடிமையானவர்களில் பெரும்பாலோர் சியாபு போன்ற செயற்கைப் பொருள்களில் சிக்கியவர்கள். அப்படியிருக்க, இந்தச் சோதனையை நம்பி இளைஞர்களைச் சிறைக்கும் விடுதலைக்கும் பிரித்துவிடுவது என்னால் ஏற்க முடியாத ஒன்று.

இன்று இந்த மலையில் கொழுந்து வெட்டுவோரில் பலர் வங்காளதேசத்தவர், நேப்பாளியர். அவர்களுக்கான ஃபோமேமா மருத்துவப் பரிசோதனையில் கஞ்சாவுக்கும் சோதனை உண்டு. தேறாதவர் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் அவரோடு விமானம் ஏறும். நம் முன்னோர் கப்பலேறி வந்த நிலைமையை அறிந்த நாம், இவர்களை விட்டுவிட்டு இந்த விவாதத்தை நடத்தக் கூடாது.

இனி மறுபக்கம். கஞ்சாவை முழுக்கச் சட்டபூர்வமாக்கிக் கடையில் விற்று வரி வாங்கினால் எல்லாம் சீராகிவிடும் என்பவர்களுக்கு நம் தோட்டத்துக் கள்ளுக்கடையை நினைவூட்ட வேண்டும். அது மறைவில் நடந்த கடை அல்ல. அரசு உரிமம் பெற்று, தோட்ட எல்லைக்குள்ளேயே, லயத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் நடந்த கடை. சம்பள நாளில் கையில் வாங்கிய காசு அன்று மாலையே அங்கே கரைந்தது. கள் கலப்படமில்லாதது, சம்சு என்ற கள்ளச்சாராயத்தைவிடப் பாதுகாப்பானது என்று நிர்வாகத்தார் சொன்ன நியாயத்தில் உண்மையும் இருந்தது. ஆனால் அடுப்பில் உலை ஏறாத வீட்டுக்கு அந்த உண்மையால் என்ன பயன்?

அந்தக் கடையை எதிர்த்துத் தோட்டத்து மக்களே எழுந்தார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தில், சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற அவமானத்துக்கு முடிவு ஆகிய கோரிக்கைகளோடு கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பதும் இருந்தது. சுயமரியாதையும் கள் மறுப்பும் அவர்களுக்கு ஒரே போராட்டம். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின; நாதன் நாடு கடத்தப்பட்டார். போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்தது. 1947இல் பீடோங் வட்டாரத்தில் போலீசோடு மோதல் வந்தது.  

அண்டை நாட்டின் அனுபவமும் கண்முன் இருக்கிறது. தாய்லாந்து 2022 ஜூன் 9 அன்று கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. முறையான கட்டுப்பாட்டுச் சட்டம் வருமுன்பே ஆயிரக்கணக்கான கடைகள் முளைத்துவிட்டன. 2025 ஜூனில் மருத்துவச் சீட்டு இருந்தால்தான் கஞ்சாப் பூ கிடைக்கும் என்று அரசு பின்வாங்க வேண்டியதாயிற்று. தண்டனையை நீக்குவது ஒரு வேலை, சந்தையைத் திறப்பது இன்னொரு வேலை. அங்கே இரண்டும் ஒரே நாளில் நடந்தன.

சித்த மருத்துவத்தில் கஞ்சா உண்டே, சாமியார்கள் புகைத்தார்களே என்பார்கள். மருந்தாக அது இருந்தது உண்மை. 1893-94இல் பிரிட்டிஷ் இந்திய அரசு அமைத்த சணல் போதைப்பொருள் ஆணையம் 1,193 சாட்சிகளை விசாரித்து, முழுத் தடை வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும் என்று பரிந்துரைத்ததும் உண்மை. ஆனால் அன்றைய கஞ்சாவும் இன்று போதைச்சத்தைக் கூட்டி வளர்க்கும் கஞ்சாவும் ஒன்றல்ல. புகைப்பவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அதற்கு அடிமையாகிறார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. பதின்ம வயதில் தொடங்கினால் ஆபத்து இன்னும் அதிகம். மனச்சிதைவு நோய்க்கு இடமுள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு அது பெருங்கேடு. பழம்பெருமை அந்தப் பிள்ளையைக் காப்பாற்றாது.

தூக்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2023 ஏப்ரல் 26 அன்று சிங்கப்பூரில் தங்கராஜு சுப்பையா என்ற 46 வயதுத் தமிழர் தூக்கிலிடப்பட்டார். 1,017.9 கிராம் கஞ்சாவைக் கடத்தத் துணைபோனார் என்பது வழக்கு. அந்தப் பொருள் அவர் கையில் பிடிபடவில்லை. தொலைபேசி எண்கள் அவரைப் பிணைத்தன. நம் நாட்டிலும் 2018 ஆகஸ்டில் ஷா ஆலம் உயர் நீதிமன்றம், நோயாளிகளுக்காகக் கஞ்சா எண்ணெய் வைத்திருந்ததாகச் சொன்ன 29 வயது இளைஞருக்கு மரண தண்டனை விதித்தது. அப்போதைய பிரதமர் மகாதீரே அதை மறுஆய்வு செய்ய வேண்டும் என்றார். ஒரு செடிக்காகக் கழுத்தில் கயிறு விழுவதை எந்த வாதத்தாலும் என்னால் நியாயப்படுத்த முடியாது.

நடுவழி இல்லாமல் இல்லை. போர்த்துகல் 2001 முதல், பத்து நாள் பயன்பாட்டுக்கு மேற்படாத அளவோடு பிடிபட்டவரை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் மூவர் குழுவிடம் அனுப்புகிறது. விற்பது அங்கே இன்றும் குற்றம். 2019 ஜூனில் நம் சுகாதார அமைச்சர் சுல்கிஃப்ளி அகமது இதே திசையில் ஓர் அறிவிப்பு செய்தார். அடுத்த பிப்ரவரியில் அரசு கவிழ்ந்தது; அறிவிப்பும் அதோடு நின்றது. 2024இல் போதைக்கு அடிமையானவர்களுக்கான மறுவாழ்வுச் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் 15ஆவது பிரிவு அப்படியே நிற்கிறது.

இந்தக் கருத்தரங்கு அந்தப் பிரிவை நேராகத் தொட வேண்டும் என்பது என் வேண்டுகோள். முதன்முறை பிடிபட்டவரை ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ உள்ள அரசு மருத்துவ நிலையத்துக்கு அனுப்பினால், அவரோடு தமிழில் பேச அங்கே ஆலோசகர் இருக்கிறாரா? வங்காளத் தொழிலாளியோடு பேச யார்? ஆள் இல்லாமல் சட்டத்தை மட்டும் மாற்றினால் அந்தப் பையன் நடுத்தெருவில்தான் நிற்பான்.

காலை அமர்வில் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் பேசுகிறார்கள். பிற்பகல் அமர்வு தோட்டத்துத் தாய்மார்களுக்கு. கள்ளுக்கடையைக் கண்டவர்களும், மகனுக்காக நீதிமன்றப் படியேறியவர்களும் அதில் இருக்கிறார்கள். காலை உரைகள் நீண்டுவிட்டன என்று சொல்லி அவர்கள் நேரத்தைச் சுருக்க வேண்டாம் என்று அமர்வுத் தலைவர்களைக் கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.