உப்பிப்போன கெப்பாசிட்டர்

(ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

குழுவில் உள்கடன் வாங்கி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவள் நான். மிக்சி, அயர்ன் பாக்ஸோடு இப்போ வைஃபை ரூட்டரும் நிறைய வருது. பிள்ளைங்க படிப்பு, நம்ம குழுக்கணக்கு எல்லாம் அதை நம்பித்தானே ஓடுது! அதனால அதைப் பத்தியே பேசுறேன்.

ரூட்டர் தானே அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சா, முதல்ல வேற அடாப்டர் போட்டுப் பாருங்க. வோல்ட் அதேதான் இருக்கணும், ஆம்பியர் குறையக் கூடாது, பின்னும் பிளஸ் மைனஸும் பொருந்தணும். அடாப்டர்தான் பழுதுன்னா அதைத் திறக்கவே திறக்காதீங்க. வீட்டுக்கு வர்ற 230 வோல்ட், அதுக்குள்ள இருக்கிற கெப்பாசிட்டர்ல 325 வோல்ட் வரைக்கும் ஏறி நிக்கும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் ஷாக் அடிக்கலாம். நானே திறக்க மாட்டேன், புதுசு வாங்கச் சொல்லிடுவேன். பயந்தாங்கொள்ளின்னு சிரிச்சா சிரிக்கட்டும்.

ரூட்டர் போர்டு வேற. பெரும்பாலும் 12 வோல்ட்தான். எல்லா ஒயரையும் கழட்டிட்டு, கண்ணாடி வளையல் தவிர மத்ததை எல்லாம் கழட்டி வைப்பேன். பாலியஸ்டர் சேலையை மடிக்கும்போது சடசடன்னு பொறி பறக்குமே, அந்த மின்சாரமே ஒரு சிப்பைக் கெடுத்துடும். அதனால காட்டன் சேலை, மணிக்கட்டில் எர்த் பட்டை.

கெப்பாசிட்டர் தலை தட்டையா இருக்கணும். உப்பியிருந்தா மாத்தணும். கழட்டும் முன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்குவேன். இழுக்கிறதுதான் ஆபத்து. போர்டில் இருக்கிற ஈயமில்லாத பற்று சுமார் 217 டிகிரியில்தான் உருகும். நம்ம ஈயக் கம்பி 183-லேயே உருகிடும். அந்தப் பழைய பற்று மேல கொஞ்சம் புது ஈயம் வெச்சா ரெண்டும் கலந்து சீக்கிரம் இளகும். ஒரு காலைச் சூடாக்கி லேசா சாய்க்கணும், அப்புறம் அடுத்த கால். பால் பல்லை ஆட்டி எடுக்கிற மாதிரி. முரட்டுத்தனமா இழுத்தா செம்புத் தடமே பிய்ஞ்சு வந்துடும், அதோட போர்டு போச்சு. துளையில் மிச்சமிருக்கிற ஈயத்தைச் சக்கரால் உறிஞ்சி எடுத்துடுவேன்.

புதுசில் மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அளவோ கூடவோ, 105 டிகிரி தாங்குறது. உடம்பில் பட்டை போட்ட பக்கம் மைனஸ். மாத்திப் போட்டா வெடிக்கும். நிறைய கால் உள்ள சிப்பு போனா ஹாட் ஏர் வெச்சிருக்கிறவங்ககிட்ட அனுப்பிடுவேன்.

ஈயம் விஷம். ஜன்னலைத் திறந்து வெச்சு வேலை பாருங்க, அந்த மேசையில் டீ டம்ளர் வேண்டாம், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்க.

நம்ம ஆபீஸ் பீரோ மேல பழைய ரூட்டர் ஒண்ணு கிடக்குதாம், கணக்காளர் அக்கா சொன்னாங்க. சாப்பாடு முடிஞ்சதும் எடுத்துக் கொடுங்க, பார்த்துடலாம்.