பாலமும் அதன் பக்கத்துக் குடிகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தில்லியின் பழம் பகுதிகளைக் கால்நடையாகச் சென்று புகைப்படம் எடுப்பது பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் பணித்தனர். கருவியின் நுட்பங்களை விரித்துரைக்க நாங்கள் வரவில்லை. இன்று கைப்பேசி இல்லாத கையே இல்லை. கைப்பேசி தோறும் புகைப்படக் கருவி உண்டு. எங்கே நின்று எதைப் படம்பிடிப்பது என்பதே எங்கள் பேச்சு.

ஊரிலிருந்து உறவினர் வந்தால் குதுப் மினார், செங்கோட்டை, உமாயூன் கல்லறை என்று சுற்றிக் காட்டிப் படம் எடுத்து அனுப்புகிறோம். நல்லதுதான். ஆயினும் அவற்றை நாம் எடுக்காவிட்டாலும் உலகுக்குக் குறைவில்லை. 1858-ஆம் ஆண்டிலேயே பெலிசே பியாட்டோ என்பவர் கலகம் ஓய்ந்த தில்லியைப் படமெடுத்தார். அதே ஆண்டில் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரரான லின்னேயஸ் டிரைப் மதுரையையும் தஞ்சையையும் எடுத்தார். பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாகப் பிடித்து ஒரே நீண்ட சுருளாக இணைத்தவர் அவர். அரண்மனைக்கும் கோயிலுக்கும் புகைப்படக்காரர் அன்றே கிடைத்துவிட்டனர்.

நாங்கள் நடக்கும் வழி ஒன்று உண்டு. நிஜாமுதீன் பகுதியில் புறப்பட்டு, மதுரா சாலையோரத்தில் அப்துல் ரஹீம் கானே கானானின் கல்லறையைக் கண்டு, தெற்கே பாராபுல்லா பாலத்தை அடைவது. தை மாதத்துப் பனி விலகும் காலை வேளையே இதற்கு உகந்தது. வெயில் ஏறிவிட்டால் சுண்ணாம்புச் சுவரெல்லாம் வெளுத்துவிடும். ஆனி மாத நடுப்பகலில் நடப்பவர்க்கோ உயிரே வெளுத்துவிடும்!

பாராபுல்லா என்பது ஜஹாங்கீர் காலத்துப் பாலம். அவர் அரசவையைச் சேர்ந்த மிஹ்ர் பானு ஆகா கட்டுவித்தது. 12 தூண்கள், 11 வளைவுகள், தூண்களுக்கு மேலே சிறு மினார்கள். ஆக்ராவுக்குச் செல்லும் வழியில் யானையும் ஒட்டகமும் நடந்த பாலம். அண்மைக் காலம் வரை அதன் மேலேயே காய்கறி விற்றார்கள். 2010-ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுக்காக எழுப்பிய மேம்பாலச் சாலையும் இதன் பெயரையே தாங்குகிறது. அச்சாலையில் விரைந்து செல்வோருள் பலர் பழைய பாலத்தைக் கண்டதே இல்லை.

பாலத்தின் கீழ் ஓடுவது இன்று கழிவுநீர். அந்நீரோடையின் கரையில், ஜங்புராவை ஒட்டி, 1960-களின் பிற்பகுதியில் தொடங்கி நம் மக்கள் குடியேறினார்கள். மதராசி கேம்ப் என்ற பெயர் நிலைத்தது. 1969-இல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆயிற்று. 1996-இல் மதராஸ் சென்னை ஆயிற்று. கேம்ப் மட்டும் மதராசியாகவே இருந்தது. சுற்றியிருந்த காலனிகளில் வீட்டு வேலை, சமையல், காவல் என்று அவர்கள் உழைத்தார்கள். பிள்ளைகள் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்குச் சென்றார்கள்.

பாலத்தைப் படமெடுக்க வந்தவர்கள் பெரும்பாலும் இக்குடிசைகள் சட்டத்துக்குள் விழாதவாறு பார்த்துக்கொண்டனர். தகரக் கூரையும் கொடியில் காயும் சேலையும் அழகைக் கெடுக்கும் என்ற எண்ணம். பத்து அடி பின்னே நகர்ந்து எடுத்திருந்தால் பாலமும், அதன் பக்கத்து வாசற்படியும், வாசலில் இட்ட கோலமும், அப்பால் அவர்கள் வேலை செய்த மாடி வீடுகளும் ஒரே படத்தில் அமைந்திருக்கும். அம்மக்கள் ஏன் அந்தக் கரையை விட்டு நகராமல் இருந்தனர் என்பதற்கு வேறு விளக்கமே வேண்டியிராது: வேலை நடைதூரத்தில் இருந்தது.

மழைக்காலத்தில் ஓடை அடைபட்டு நீர் தேங்குகிறது என்ற காரணத்தால், தில்லி உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி, 2025 ஜூன் 1 அன்று மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. 370 வீடுகள். அவற்றுள் பாதிக்குச் சற்றே மேற்பட்ட குடும்பங்களுக்கே மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டு என்றனர். அந்த மாற்று வீடோ ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு அப்பால் நரேலாவில். ஊர் திரும்ப விரும்புவோர்க்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நீர் தேங்கினால் நகருக்குத் துன்பம் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. காலை 6 மணிக்கு ஜங்புராவில் அடுப்பேற்ற வேண்டிய தாய் நரேலாவில் எத்தனை மணிக்கு எழுவாள் என்பதே எங்கள் கேள்வி.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இத்தகைய செய்தி ஒன்று உண்டு. நெருக்கமான பழைய சந்துகளை இடிக்கத் திட்டமிட்ட நகர மேம்பாட்டு அமைப்பே, இடிக்குமுன் அவற்றைப் படமெடுக்குமாறு தாமஸ் ஆனன் என்பவரைப் பணித்தது. 1868 முதல் 1871 வரை அவர் அச்சந்துகளில் நடந்து எடுத்தார். ஈரத் துணிகள் தொங்கும் அந்த இருண்ட முடுக்குகளை இன்று உலகம் போற்றுகிறது. ஆனால், பல படங்களின் தலைப்பு வெறும் கதவு எண்ணும் தெருப் பெயருமே. வாசலில் நிற்கும் சிறுமி யார் என்று தலைப்பு சொல்லாது.

நமக்கு அக்குறை நேர வேண்டியதில்லை. மதராசி கேம்ப்பில் படமெடுக்க இன்று வீடுகள் இல்லை. ஆனால் படங்கள் இருக்கின்றன. காதணி விழா, மஞ்சள் நீராட்டு, பொங்கல், பள்ளிச் சீருடையில் முதல் நாள் — இவையெல்லாம் அக்குடும்பங்களின் இரும்புப் பெட்டிகளிலும் கைப்பேசிகளிலும் உள்ளன. மணமக்களுக்குப் பின்னால் தெரியும் சுவரே அந்தத் தெருவின் வரலாறு. கைப்பேசி பழுதானால் அச்சுவரும் போய்விடும்.

ஆதலின் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவோ அண்ணனோ அங்கிருந்து வந்தவராயின், முதலில் அவர் இசைவைக் கேளுங்கள். இசைந்தால், அவர்கள் கண்ணெதிரிலேயே படங்களை நகல் எடுத்து, மூலப் படங்களை அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நகலின் பின்புறம் பென்சிலால் ஆண்டு, இடம், நிற்பவர் பெயர், அவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பவற்றை எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்பாராயின் விட்டுவிடுங்கள். ஒரு பிரதி அவர்களுக்கு, ஒரு பிரதி சங்க நூலகத்துக்கு. அச்சிடும் செலவைச் சங்கம் ஏற்கும் என்று செயலாளர் இசைந்துள்ளார். நகல்களை ஞாயிறு மாலைகளில் அவரிடம் ஒப்படைக்கலாம்.