மலையும் கண்மாயும் நம்ம சொத்து



நம்ம மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியைப் பத்திப் பேச வந்திருக்கேன். அங்க ஏழு மலை இருக்கு. மலையில பெய்யிற மழை சுனையில தங்கி, ஊத்தாகக் கசிஞ்சு கண்மாய்க்கு வருது. ராஜாளி, வல்லூறு எல்லாம் அங்க இருக்கு. 2022-ல் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேரை, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது.

அந்த இடமும் சேர்ந்த சுமார் 5,000 ஏக்கரில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட 2024 நவம்பரில் ஏலம் விட்டார்கள். சுத்துப்பட்டு ஜனங்க சும்மா இருக்கல. கிராம சபையில தீர்மானம் போட்டாங்க. 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் மதுரைக்குப் பேரணியாகப் போனார்கள். ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

மலைக்கும் குழுவுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். குழுக் கடன்ல நாம வாங்கினது ஆடும் மாடும்தான். அது மேயறது மலையடிவாரத்துல, தண்ணி குடிக்கிறது கண்மாய்ல. ரெண்டும் போனா தவணையை எதை வச்சுக் கட்டுறது?

நம்ம ஊர்க் கண்மாய்லயும் மண் அள்ளுறாங்க. மடைப்பக்கம் பள்ளமாகி, தண்ணி வயலுக்கு ஏற மாட்டேங்குது. தனியா ஒருத்தி கேட்டா, "உனக்கெதுக்கு"ன்னு வாயை அடைச்சிருவாங்க. அதனால அக்டோபர் 2 கிராம சபைக்கு எல்லாக் குழுவும் சேர்ந்து போவோம். நம்ம தீர்மானம் புத்தகத்துல ஏறியிருக்கான்னு வாசிச்சுப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போடணும்.